32 அடிக் குழாயும் 13 அடி அறையும்

வீட்டில் மெய்நிகர் பைப் ஆர்கன் அமைக்கிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: ஸ்பீக்கரைக் கூட்டு. இரண்டு போதாது, எட்டு வை, முடிந்தால் பதினாறு. நானும் நம்பினேன். ஒரு ஜோடியில் ஆரம்பித்து மூன்று ஜோடிக்கு வந்து, கணிசமாகப் பணம் கரைந்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆகவே இது அந்த அறிவுரை மீதான விமர்சனம். கொஞ்சம் என் மீதும்தான்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: ஒரு உண்மையான ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து வைத்திருப்பார்கள். ஹாப்ட்வெர்க் அல்லது இலவசமான கிராண்ட்ஆர்க் மென்பொருள், நீங்கள் மிடி கீபோர்டில் கட்டையை அழுத்தும்போது அந்தந்தக் குழாயை ஒலிக்கவைக்கும். இங்கிலாந்தின் சாலிஸ்பரி கதீட்ரலில் ஹென்றி வில்லிஸ் 1877-ல் கட்டிய ஆர்கனைப் படுக்கையறையில் வாசிக்கலாம். கணினிப் பக்கம் இன்று பெரிய சிக்கல் இல்லை. நினைவகம் தாராளமாக இருந்தால் போதும். 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரி பஃபர் வைத்தால் தாமதம் 5 மில்லிசெகண்ட் சொச்சம். நிஜ ஆர்கனில் குழாய்கள் 10 மீட்டர் தள்ளி இருந்தாலே 29 மில்லிசெகண்ட் ஆகிவிடும். தகராறெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து காது வரையுள்ள கடைசி இரண்டு மீட்டரில்தான்.

பல ஸ்பீக்கர் வாதத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம், பல குழாய்களின் ஒலியை மென்பொருளிலேயே கூட்டினால் கலங்கிவிடும், காற்றில்தான் கலக்க வேண்டும் என்பது. இருபது வருஷமாகக் கோடு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டல் கூட்டல்தான். 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் நூறு குழாய்களைக் கூட்டினாலும் காதுக்குத் தெரிகிற அளவில் எதுவும் தொலையாது.

ஆனால் வாதத்தில் உண்மையே இல்லை என்றும் தள்ள முடியாது. ஒரே ஸ்பீக்கர் கோன் 33 ஹெர்ட்ஸுக்காக முன்னும் பின்னும் பாய்ந்துகொண்டே 2000 ஹெர்ட்ஸையும் பாட வேண்டியிருந்தால், பாடுவது குழறும். இது நிஜம். இன்னொன்றும் நிஜம்: சுருதி இம்மியளவு விலகிய இரண்டு குழாய்கள் வெவ்வேறு இடத்திலிருந்து ஒலித்தால், அந்த அலைவு இரண்டு காதிலும் ஒரே மாதிரி விழாது. கோரஸ் உயிரோடு இருப்பது அதனால்தான். எனவே எதிரொலி இல்லாமல் பதிவு செய்த 'உலர்ந்த' தொகுப்புகளுக்குப் பல ஸ்பீக்கர் நன்றாகவே உதவும். கதீட்ரலின் முழக்கத்தோடு ஸ்டீரியோவில் பதிவான 'ஈரத்' தொகுப்பிலோ ஒவ்வொரு குழாயின் இடமும் பதிவிலேயே இருக்கிறது. அதை ஆறு பெட்டிக்குப் பிரித்துக் கொடுத்தால் கதீட்ரல் சிதறுகிறது. என்னிடம் இருந்ததெல்லாம் ஈரத் தொகுப்புகள். யாரும் இதைக் கேட்டுவிட்டு அறிவுரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்தது பாஸ். 8 அடி ஸ்டாப்பின் கடைசி சி 65 ஹெர்ட்ஸ், 16 அடியில் 33, 32 அடியில் 16. கடை விளம்பரத்தில் "38 ஹெர்ட்ஸிலிருந்து" என்று பார்த்தால் மயங்காதீர்கள். யமஹா எச்எஸ்8-க்கு அந்த நிறுவனமே இரண்டு எண்களை வெளியிடுகிறது: 10 டெசிபல் இறங்கிய இடம் 38 ஹெர்ட்ஸ், 3 டெசிபல் இறங்கிய இடம் 47. விற்கிறவர்களுக்கு எந்த எண் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

"என் ஸ்பீக்கரில் 32 அடியே கேட்குதே" என்பவர்களிடம் எந்த ஸ்டாப்பில் என்று கேட்க வேண்டும். சாலிஸ்பரியில் 32 அடியில் இரண்டு வகை இருக்கிறது. கான்ட்ரா பொசான் நாக்குக் குழாய், மேல்சுரங்கள் நிறைய. அடிப்படைச் சுரம் வராவிட்டாலும் மேல்சுரங்களை வைத்து மூளையே அதை ஊகித்துக்கொள்ளும். டபுள் ஓப்பன் டயபேசனில் இருப்பது பெரும்பாலும் அடிப்படைச் சுரம்தான். சின்ன ஸ்பீக்கரில் அது வெறும் மௌனம். சோதிப்பதென்றால் இதில் சோதியுங்கள். இதில் ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கவும் முடியாது. 32 அடிக்கு இடமோ காசோ இல்லாத இடங்களில் ஆர்கன் கட்டுகிறவர்களே 16 அடியையும் 10⅔ அடியையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, 33-க்கும் 49-க்கும் உள்ள வித்தியாசத்தில் 16 ஹெர்ட்ஸ் கேட்பதாகக் காதை நம்பவைப்பார்கள்.

சரி, சப்வூஃபர் வாங்கினேன். ஒரு சுரம் மட்டும் காணோம். சர்ச்சில் பல வருஷம் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒருவர் வந்து பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க எஃப் ஊமையா இருக்கு" என்றார். பதிவைச் சந்தேகித்தேன். பிறகு ஸ்பீக்கரை. இன்னொரு சப்வூஃபர் வாங்கக் கடை வரைக்கும் போய்விட்டேன்.

அளவு மைக் ஒன்றை இரவல் வாங்கி, ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது 44 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். என் அறை நீளம் 13 அடி, ஏறத்தாழ 4 மீட்டர். நம்மூர் வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 43.6. பெடலின் 16 அடி எஃப் 43.65! அந்த அதிர்வுக்கு அறையின் நட்டநடுவில் அழுத்தம் இருக்காது. என் பெஞ்ச் இருந்தது நட்டநடுவில். எத்தனை பெட்டியை முன்சுவரில் அடுக்கினாலும் அங்கே உட்கார்ந்தவனுக்கு எஃப் கிடைக்காது. பெஞ்சை 80 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். வந்துவிட்டது. செலவு: பூஜ்யம்.

பெஞ்சை நகர்த்த வழியில்லாதவர்கள், இருக்கும் பாஸை இரண்டு சின்ன சப்வூஃபராகப் பிரித்து எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-ல் சப்வூஃபர்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் ஆராய்ந்தபோது, இந்த அமைப்பு நான்கு சப்வூஃபர்களுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வந்தது.

16 ஹெர்ட்ஸ் வேறு ரகம். அறையின் முதல் அதிர்வுக்கும் கீழே இருப்பதால் பள்ளம் மேடு பிரச்சினை இல்லை. ஆனால் சத்தம் அதேயிருக்க, ஒரு எட்டு சுரம் இறங்கினால் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும். போதாக்குறைக்கு 20 ஹெர்ட்ஸ் காதில் விழ ஆரம்பிக்கவே 78 டெசிபல் தேவை. துளை வைத்த பெட்டிகள் அவற்றின் சுருதிக்குக் கீழே போனால் கோன் பிடிமானம் இழந்து ஆடும். அதற்கு மூடிய பெட்டியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

நான்கு ஸ்பீக்கர்களை விற்றுவிட்டேன். இப்போது ஒரு ஜோடி, மூடிய சப்வூஃபர் ஒன்று, பெஞ்சின் அடியில் திருகிய ஒரு பாஸ் ஷேக்கர். கீழ்வீட்டுக்காரர் சீலிங் அதிருகிறது என்று இரண்டு முறை மாடியேறி வந்துவிட்டார், அவர் மேல் தப்பில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஹெட்போனும் ஷேக்கரும் மட்டும்தான். ஈரத் தொகுப்பு ஹெட்போனில் என் அறையை முழுக்க மறந்து ஒலிக்கிறது. 32 அடி காதில் பாதி, முதுகெலும்பில் மீதி.