நான்கு பாட்டுகள் கொண்ட சிறு தட்டு

1977 ஜனவரியில், மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் என்ற பங்க் இசைக் குழுவினர், பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், உற்றாரிடமும் நண்பரிடமும் கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு, 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற ஏழு அங்குல இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டபோது, முதலில் தயாரித்தவை ஆயிரம் பிரதிகளே. பாட்டுகள் ஆவேசமும் துடிப்பும் மிக்கவைதாம். ஆயினும் அவற்றிலும் அதிகமாக என் உள்ளத்தைக் கவர்வது உறையின் பின்புறம். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவாயிற்று, எவற்றின்மேல் பிற்பாடு கிதார் ஒலி சேர்க்கப்பட்டது என்பதையெல்லாம், வித்தையின் ரகசியம் என்று எதையும் மறைக்காமல், அங்கே அச்சிட்டு வைத்தார்கள். 'பிரேக்டவுன்' மட்டும் மூன்றாம் முயற்சி. ஏனைய மூன்றும் முதல் முயற்சியிலேயே அமைந்தவை. 'போர்டம்' பாட்டின் நடுவே குழுவின் கிதார் கலைஞர் பீட் ஷெல்லி இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறாரே, ஆடம்பரத்தை அறவே துறந்த அந்தத் தைரியம் எனக்கு மகா வித்வத்தாகவே தோன்றுகிறது.