ஷிஃப்டும் சிம்பொனியும்

டைட்டன் கடிகாரம் ஓசூரில் தயாராவது ஊரறிந்த சேதி. அதன் விளம்பரத்தில் 1980களின் கடைசியிலிருந்து ஒலித்துவந்த இசை, 1773-ல் பதினேழு வயது மோட்சார்ட் எழுதிய 25ஆம் சிம்பொனியின் தொடக்கம் என்பது அவ்வளவாகத் தெரியாது. மேலை இசையே நுழையாத வீடுகளிலும் அந்தச் சில நொடிகள் மனப்பாடம். ஆனால் அப்படியொன்றை வாசிக்க முப்பது நாற்பது பேர் கூடி வாராவாரம் ஒத்திகை பார்க்கும் வழக்கம் ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேர்பிடிக்கவில்லை. பணமில்லை, ரசனையில்லை என்பார்கள். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இருக்கும் ஊரில் முதல் சாக்கு எடுபடாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிப் பாட்டும் கேட்கும் ஊரில் இரண்டாவதும் நிற்காது.

வாத்தியக் குழு நிலைக்க வாசிப்பவருக்கு நம்பிக்கையான வருமானம் வேண்டும்; எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வேண்டும். தென்னகத்தில் இவற்றை யார் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று பார்த்தாலே குழு இசையின் வரலாறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் அரண்மனை கொடுத்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கர்நாடக வித்துவான்களோடு மேலை வாத்தியக் குழுவையும் வைத்துப் பராமரித்தார். ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் அதை நடத்தினார். அடுத்து வந்த ஜெயசாமராஜேந்திர உடையார் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவர். 1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் அரங்கேறியபோது செலவுக்குப் பொறுப்பேற்றவர் அவர்தான். சமஸ்தானம் போனதும் அந்த வழி அடைபட்டது.

சென்னையில் அந்த இடத்தைச் சினிமா பிடித்தது. தொடக்கத்தில் ஸ்டூடியோக்களில் மாதச் சம்பளம், பிறகு கால்ஷீட் கணக்கு. இங்கே எம்.பி. சீனிவாசன் பெயரைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி, அவர்கள் கூலிக்காக வாதாடியவர். அவரேதான் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை அமைத்து, பாரதி பாடலைப் பல குரல் அடுக்கில் பாடவைத்தார். பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்க வானொலியையும் பயன்படுத்தினார். மேடைக்கு ஒரு சீனிவாசன், மக்களுக்கு ஒரு சீனிவாசன் என்று பிரிக்க முடியாது. 1990களில் கீபோர்டு வலுத்தபோது ஸ்டூடியோவில் வயலின் வரிசைகளுக்கு வேலை சுருங்கியது. பாடக் கற்ற பிள்ளைகளிடமிருந்து அது எதையும் பறிக்கவில்லை.

தொழிற்பேட்டையில் இசை முளைக்காது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிளாக் டைக் கம்பளி ஆலைக்காரர்கள் 1855-ல் தொடங்கிய பித்தளை வாத்தியக் குழு இன்றும் வாசிக்கிறது. அங்கே சங்கு ஊதியதும் எல்லாரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். ஓசூரில் ஏ ஷிஃப்ட்காரர் இறங்கும் பஸ்ஸில் பி ஷிஃப்ட்காரர் ஏறுகிறார். சி ஷிஃப்ட்காரர் அப்போது தூக்கத்தில். அடுத்த வாரம் மூவரும் இடம் மாறுவார்கள். கீபோர்டு, பேட், பேஸ் கிட்டார் என்று மூன்று பேர் சேரவே ஆயுத பூஜை வர வேண்டும். அதனால் மெல்லிசைக் கச்சேரியில் பாதி வாத்தியம் பென் டிரைவில் வருகிறது. பாடகர் சரணத்தின் எடுப்பைத் தவறவிட்டால் தபலாக்காரர் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துக் காப்பாற்றுவார். டிராக் தன் பாட்டுக்குப் போய்விடும்.

பிள்ளைகளுக்கு ஷிஃப்ட் கிடையாது. பள்ளி மணி எல்லாருக்கும் ஒன்றுதான். வெனிசுவேலாவில் 1975-ல் அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இசைக் கல்வித் திட்டம் பிள்ளைகளை நம்பித்தான் வளர்ந்தது. சென்னையில் 2008-ல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கிய ஏ.ஆர். ரகுமான், தம் அறக்கட்டளை வழியே சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவையும் அமைத்தார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வயலினும் செல்லோவும் கட்டணமில்லாமல் கற்றுத்தரப்படுகின்றன. பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் 1987 முதல் இருக்கிறது. ஆனால் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஓசூர்ப் பிள்ளை வாரம் இருமுறை போய்வருவது நடக்கிற காரியமா?

கிருஷ்ணகிரிக் கிராமங்களோ வருமானம், ஓய்வு என்ற இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போடுகிறார்கள்; அறுவடை முடிந்த கோடையில் ஊருக்கே ஓய்வு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு என்று விடிய விடிய நடப்பதும் குழு இசைதான். படுகளத்தன்று பார்ப்பவர் யார், பங்கேற்பவர் யார் என்று சொல்ல முடியாது. கலை வளர்ச்சி, சமூகப் பணி என்று தனித்தனியே அறிக்கை எழுதும் வேலை அந்தக் கூத்து ஜமாக்களுக்கு இல்லை. முகவீணைக்காரர்கள் மட்டும் அருகிவருகிறார்கள்.

ஓசூரிலும் தலைக்கட்டு வரி போல ஒன்றுக்கு வழி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியக் கலை வளர்ப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒருநாள் கச்சேரி போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகள் இதில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஓர் அரசுப் பள்ளியில் வயலின் வாத்தியாருக்கும் முகவீணை வாத்தியாருக்கும் மூன்றாண்டுச் சம்பளம், தந்தி, சீவாளிச் செலவு எல்லாவற்றையும் ஒரே திட்டமாக எழுதித்தர இங்கே யாராவது முன்வர வேண்டும்.