சிறுவர் தட்டில் கண்ட நாவல்கள்

கட்டிளமைப் பருவத்தினருக்கென எழுதப்படும் புனைகதைகளை வளர்ந்தவர்கள் வாசிப்பது குறித்து நம்மிடையே ஓர் இளக்காரம் உண்டு. தீவிர இலக்கியம் பேசும் நண்பரொருவர் என் கையிலிருந்த நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக்கோ?" என்றார். எனக்குத்தான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கான பதிலாகவே இதனை எழுத நேர்ந்தது.

அந்நூல் அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் (1929–2018) எழுதி 1968 இல் வெளிவந்த 'ஏர்த்சீயின் மந்திரவாதி'. இளையோருக்கு ஒரு நூல் வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்டதன் பேரில் எழுதப்பட்டது. தீவுக்கூட்டங்களாலான கற்பனை உலகம். ஆடு மேய்த்த கெட் என்னும் சிறுவன் றோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். (ஹரி பொட்டர் வருவதற்கு 29 வருடங்களுக்கு முன்னர் என்பது கவனிக்கத்தக்கது.) சக மாணவன் சீண்டியதால், தன் வல்லமையைக் காட்ட இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு கரிய நிழலும் வெளிவந்துவிடுகிறது. அவனைக் காப்பாற்றிய முதிய குரு அதனாலேயே உயிர் துறக்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரும்பாலான சிறுவர் கதைகளில் தவறு செய்த பிள்ளை மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இங்கு ஆவதில்லை. குரு மீண்டு வருவதில்லை. கெட்டின் முகத்துத் தழும்பும் மறைவதில்லை. நிழலுக்கு அஞ்சி ஓடியவன் ஒரு கட்டத்தில் திரும்பி அதனைத் துரத்துகிறான். கடைசியில் தன் பெயரைச் சொல்லியே அதனை அழைக்கிறான். பதினைந்து வயதில் இது விறுவிறுப்பான துரத்தல் கதை. வீம்புக்காக யாரையோ காயப்படுத்திவிட்டுப் பல வருடங்கள் அதை நினையாதிருக்க முயன்ற ஒருவருக்கு இது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். 2004 இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளையனாக்கியபோது லெ குவின் பகிரங்கமாகவே கண்டித்து எழுதினார்.

1971 இல் வந்த 'அட்டுவானின் கல்லறைகள்' இதைவிடச் சிறந்தது என்பேன். டெனார் என்ற சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருட்டுத் தெய்வங்களின் பூசாரிணியாக்குகிறார்கள். பாதாளச் சுரங்க வழிகள் மட்டுமே அவளுடைய ஆட்சிக்குட்பட்ட உலகம். அங்கு அகப்பட்ட கெட்டைக் கொல்வதா விடுவிப்பதா என்பதே கதை. தப்பி வெளியேறியபின் அவள் மகிழ்ந்து துள்ளவில்லை. வீணாய்ப்போன வருடங்களை எண்ணி அழுகிறாள். விடுதலை அவளுக்குச் சுமையாகவே வந்து சேர்கிறது. இதனை இளைய வாசகரிடம் ஒளிக்காமல் சொல்லும் துணிச்சல், பெரியவர்களுக்கான நாவல்கள் பலவற்றில் நான் காணாதது.

மூன்றாவதான 'அதிதூரக் கரை' (1972) பரிசு பெற்றது. எனினும் உபதேசம் மிகுந்து என்னைக் களைப்படையச் செய்தது.

பதினெட்டு வருடங்கள் கழித்து, 1990 இல், லெ குவின் 'தெஹானு'வை எழுதினார். தன் இளையோர் நூல்களை ஒரு வளர்ந்த வாசகியாக மீளவும் வாசித்தவரின் நூல் அது. றோக் பள்ளியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை? பெண்களின் மந்திரம் மட்டும் ஏன் இழிவாகப் பேசப்பட்டது? எழுதியபோது தனக்கே உறைக்காதவற்றை அவர் இங்கு கேட்கிறார். பின்னர் ஓர் உரையிலும் இதுபற்றி வெளிப்படையாகப் பேசினார். டெனார் இப்போது நடுவயது விதவை. தீயில் எரியவிடப்பட்ட சிறுமியொருத்தியை வளர்க்கிறாள். மந்திர சக்தி முழுதும் இழந்து கெட் திரும்பி வருகிறான். ஆடுகள், சமையல், கழுவவேண்டிய பாத்திரங்கள் என்றே பக்கங்கள் நகர்கின்றன. வீரதீரம் தேடும் பையன் இடையிலேயே மூடிவைக்கக்கூடும். அவனைக் குறை சொல்ல முடியாது. இந்நூலுக்கு நெபுலா விருது கிடைத்தது. அது இளையோருக்கென ஒதுக்கப்பட்ட விருதல்ல.

முன்னைய நூல்களை மறுத்தெழுதியதால் அவற்றின் அழகு கெட்டுப்போனது என்று மனங்குறைப்பட்ட வாசகர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் 'தெஹானு'வை முதலில் கையிலெடுப்பவர் அதன் கோபத்தைப் புரிந்துகொள்ளமாட்டார். நண்பருக்கு 'அட்டுவானின் கல்லறைகள்' நூலையே கொடுத்திருக்கிறேன்; முதல் நூலை அறியாதவருக்கும் அது விளங்கும். இரண்டு மாதமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.