பாரதியின் தூமகேது: கண்டதும் கேட்டதும்

கருவடிக்குப்பம்னா குயில் தோப்பும் குயில் பாட்டும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதே புதுச்சேரி ஆண்டுகளில் பாரதி எழுதிய ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’வுக்கு அந்தப் பேர் கிடைக்கவில்லை. சாதாரண வருஷம்னா 1910. தூமகேது, ஹாலி வால்மீன்.

தொடக்கம் கண்ணால் கண்ட காட்சி: கிழக்கே வெள்ளிக்குப் பக்கத்தில் வால்மீன். கற்பனை இல்லைங்க. அந்த மே மாதத்து விடியல் வானம் அப்படித்தான் இருந்தது. கொடைக்கானல் வானாய்வகத்திலும் படம் எடுத்தார்கள். அதற்குப்பிறகு முழுக்கக் கேள்விப்பட்டதுதான். வால் வெறும் மெல்லிய வாயு, பூமியில் பட்டாலும் கெடுதல் இல்லையாம். வாலில் சயனோஜன் என்ற நச்சுவாயு இருக்கிறதென்று ஐரோப்பாவே அரண்டுகிடந்த நேரம்! இவர் நிதானமான கணிப்பைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து உலகுக்குத் துயரம், புதுமை, சித்தி, ஞானம் எல்லாம் வருமாமே, நிஜமா என்று வால்மீனையே கேட்கிறார். அறிவியலோடு சோதிடத்தைக் குழப்பிவிட்டார் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கவனியுங்கள்: வாயுவைச் சொன்ன இடத்தில் ‘நிஜமா’ என்று கேட்கவில்லை, பலன் சொன்ன இடத்தில் மட்டும்தான் கேட்கிறார்.

எனக்கு உறுத்துவது வேறு. இதெல்லாம் தெரிந்தவர் நம்மிடம் இல்லை, வெளியார் சொல்லித்தான் தெரிந்தது என்று நொந்துகொள்கிறாரே, அது முழு நியாயமில்லை. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இலேயே ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்திருந்தார். அவர் இறந்தது 1880இல். பாரதி பிறந்ததோ 1882இல். நடுவில் அந்தப் பேரை யாரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போல.