மிதிவண்டியும் மொழிநிலப்படமும்: ஒரு மறுமதிப்பீடு

1. முன்னுரை

கிளைமொழியியலின் வரலாற்றைக் கூறும் நூல்களில் ஒரு செய்தி பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்மோன் என்னும் பிரெஞ்சுக்காரர் மிதிவண்டியில் நாடு முழுதும் சுற்றி, 639 ஊர்களின் பேச்சை எழுதிக்கொண்டு திரும்பினார் என்பதே அச்செய்தி. வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர் முறுவலிப்பர். ஆசிரியரும் முறுவலித்துவிட்டு நிலப்படங்களை விளக்கப் புகுவார். மிதிவண்டி ஒரு துணுக்காகவே நின்றுவிடும்.

அவ்வாறு நின்றுவிடுதல் முறையன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. பிரான்சின் மொழிநிலப்படத் தொகுதி (1902-1910) எய்திய சிறப்புகளும் அதில் இன்றளவும் சுட்டப்படும் குறைகளும் அது தொகுக்கப்பட்ட பயணத்தின் இயல்பிலிருந்தே தோன்றின. வழிப்பயணத்தின் மகிழ்ச்சி ஆய்வாளரின் தனிப்பட்ட இன்பம், அதற்கு ஆய்வில் இடமில்லை என்று கருதுவோர் உளர். தொலைபேசியின் வழியும் இணையத்தின் வழியும் தரவு திரட்டுவது எளிதாகிவிட்ட இந்நாளில், ஆய்வாளர் ஊருக்குப் போகத்தான் வேண்டுமா என்ற வினாவும் எழுகின்றது. ஒரு பழைய தொகுதியை மீண்டும் மதிப்பிடுவதன் வாயிலாக இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

2. அஞ்சலும் பயணமும்

எட்மோனுக்கு முன்னரே ஜெர்மனியில் மொழிநிலப்பட முயற்சி தொடங்கிவிட்டது. ஜார்ஜ் வெங்கர் 1876இல் பள்ளியாசிரியர்களுக்குச் சில தொடர்களை அஞ்சலில் அனுப்பி, அவற்றைத் தத்தம் ஊர்ப்பேச்சில் பெயர்த்தெழுதித் தருமாறு வேண்டினார். நாளடைவில் அத்தொடர்கள் நாற்பதாக அமைந்தன. 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விடைகள் வந்து குவிந்தன. பரப்பை நோக்கின் இது வியக்கத்தக்க சாதனை. ஆயினும் விடைகள் வழக்கமான எழுத்தில் அமைந்தவை. எழுத்துக்குள் அடங்காத ஒலி வேறுபாடுகளை அவற்றிலிருந்து உய்த்துணர வேண்டியதாயிற்று. விடை எழுதிய ஆசிரியரை வெங்கர் கண்டதில்லை. ஆசிரியர் யாரிடம் கேட்டு எழுதினார் என்பதும் தாளில் தெரிவதில்லை.

இந்தியாவில் கிரியர்சன் 1894 முதல் 1928 வரை நடத்திய மொழி அளவீடும் பெரும்பாலும் இத்தகையதே. விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையை வட்டாரந்தோறும் பெயர்த்துத் தரச் செய்து, அரசு அலுவலர்களின் வழியே அவர் மாதிரிகளைப் பெற்றார். சென்னை மாகாணம் அவ்வளவீட்டின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது என்பது தமிழ் ஆய்வாளர் மறக்கக்கூடாத செய்தி.

ஜூல் ஜில்யெரோன் வேறு வழியைத் தேர்ந்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் கிளைமொழியியல் கற்பித்த இவர், எட்மோன் எட்மோன் என்பவரிடம் களப்பணி முழுவதையும் ஒப்படைத்தார். (பெயரும் குடும்பப் பெயரும் எழுத்தில் சிறிது வேறுபடினும் ஒலிப்பில் ஒன்றே.) எட்மோன் வடபிரான்சின் சேன்-போல் என்னும் சிற்றூரில் மளிகை வணிகராய் இருந்தவர், தம் ஊர்ப்பேச்சுக்கு ஒரு சொற்றொகுதி ஆக்கியவர், நுண்ணிய செவியுடையவர். ஒலிப்பியல் குறியீடுகளில் பயிற்சி பெற்று, வினாநிரலைச் சுமந்துகொண்டு புறப்பட்டார். மொழியியல் கோட்பாடுகளில் ஊறாத ஒருவர் தாம் கேட்டதை மட்டுமே எழுதுவார், கேட்க விரும்பியதை எழுதமாட்டார் என்பது ஜில்யெரோனின் துணிபு.

3. வண்டியின் வேகமும் தொகுதியின் வடிவமும்

இப்பயணம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. 639 ஊர்களை இக்காலத்தோடு வகுத்துப் பார்த்தால், வழிச்செலவையும் சேர்த்து ஓர் ஊருக்கு இரண்டு நாளுக்குச் சற்று மிகுதியான காலமே கிடைக்கிறது. வினாக்களோ தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400. முடிவில் 1,900க்கு மேல். இக்கணக்கே தொகுதியின் நெறிமுறையை விளக்கிவிடுகிறது. பெரும்பாலும் ஓர் ஊருக்கு ஒரு தகவலாளர். ஒரு வினாவுக்கு ஒரு விடை. முதலில் வந்த விடையே பதிவுக்குரியது. பின்னர்த் திருத்தம் இல்லை. இவற்றைக் கோட்பாட்டு முடிவுகளாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நாளை அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர் வேறு எவ்வாறு கேட்டிருக்க இயலும்?

வண்டியின் காலமும் நோக்கத்தக்கது. இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் இயங்கும் மிதிவண்டி 1885க்குப் பின்னரே பரவியது. டன்லப்பின் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை கிடைத்தது 1888இல். எட்மோன் பத்தாண்டு முன்னர்ப் புறப்பட்டிருப்பின் இவ்வசதிகள் அவருக்கு வாய்த்திரா. இருப்புப்பாதை நகரங்களை இணைத்தது. நகரத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வண்டி நிற்பதில்லை. நடந்து செல்வோருக்கு ஒரு மாவட்டமே வாழ்நாள் பணியாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தைத் தந்தது மிதிவண்டி. அடுத்தடுத்த ஊர்களின் பேச்சை, முன் கேட்டது செவியிலிருந்து மறைவதற்குள் கேட்கும் வாய்ப்பு அதனால் கிட்டியது. ஒரே செவி, ஒரே கை, தொடர்ந்த வழி என்னும் மூன்றும் சேர்ந்ததனால்தான் அத்தொகுதியின் ஓர் ஊர்ப்புள்ளியை மற்றோர் ஊர்ப்புள்ளியோடு ஒப்பிட முடிகிறது.

4. கேளாத வினாவின் விடை

பயணத்தின் கண்டுபிடிப்பு தொகுதியின் உடலிலேயே தெரிகின்றது. பயணம் தொடரத் தொடர வினாநிரல் வளர்ந்தது. அதனால் பின்னர்ச் சேர்ந்த வினாக்களுக்குரிய நிலப்படங்கள் நாடு முழுவதையும் தழுவாமல் தென்பகுதியோடு நின்றுவிடுகின்றன. முறைமையை மட்டும் நோக்குவோருக்கு இது பெருங்குறை. ஆனால், வினாநிரல் இன்னும் சிறப்பாக அமைய வேண்டுமானால் அதனை ஆய்வு முடிந்த பின்னரே ஆக்கியிருக்க வேண்டும் என்ற கருத்தை ஜில்யெரோனே வெளியிட்டார். இதைவிட நேர்மையான ஒப்புதல் கள ஆய்வின் வரலாற்றில் அரிது. முற்றுப்பெறாத அப்படங்கள், வழியில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதன் சான்றுகளாகும்.

கண்டறிந்தவற்றுள் புகழ்பெற்றது தென்மேற்குப் பிரான்சின் சேவல்-பூனைச் சிக்கல். லத்தீனில் சேவல் 'கல்லுஸ்', பூனை 'கத்துஸ்'. கஸ்கோனி வட்டாரத்தில் சொல்லிறுதியில் நின்ற இரட்டை லகரம் தகரமாக மாறியது. அதன் பயனாக இரு சொற்களும் 'கத்' என்ற ஒரே வடிவை அடைய நேர்ந்தது. உழவர் வீட்டில் சேவலும் பூனையும் ஒரே பெயரைத் தாங்க முடியுமா? நிலப்படம் விடை தருகின்றது. அவ்வொலி மாற்றம் நிகழ்ந்த பகுதியில் சேவலுக்குப் பழைய சொல் இல்லை. சில ஊர்களில் ஊரதிகாரியைக் குறித்த சொல் சேவலுக்கு வழங்குகிறது. வேறு சில ஊர்களில் ஃபெசன்ட் என்னும் காட்டுப்பறவையின் பெயர் வழங்குகிறது. முற்றத்தில் நிமிர்ந்து நடக்கும் சேவலை அதிகாரியாகக் கண்ட உழவரின் நகைச்சுவை, ஒரு சொல்லின் இழப்பை ஈடுசெய்திருக்கிறது. ஒலிமாற்றத்தின் எல்லையும் புதுச்சொல்லின் எல்லையும் பொருந்தி அமைவதே இவ்விளக்கத்தின் வலிமை.

இதனை அஞ்சல் வழியும் பெற்றிருக்கலாமே எனச் சிலர் வினவலாம். பெற்றிருக்கலாம், ஆனால் உறுதியில்லை. தாளையும் எழுதுகோலையும் கையிலேந்திய பள்ளியாசிரியர், சேவலுக்கு 'அதிகாரி' என்று எழுதத் தயங்கியிருப்பார். வாயிலில் வந்து நிற்கும் அயலாருக்கு உழவர் சட்டெனச் சொன்ன முதல் விடையில் அத்தயக்கத்துக்கு இடம் குறைவு. ஜில்யெரோன் 1918இல் தேனீயைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றைத் தனிநூலாகவே எழுதினார். லத்தீன் சொல் தேய்ந்து தேய்ந்து ஓரசையாய்க் குறுக, அதற்கு ஈடாகத் 'தேன் ஈ' என்பது போன்ற தொடர்கள் எழுந்ததை அந்நூல் காட்டுகிறது. ஒலிவிதிகளை மட்டும் அறிந்திருந்த மொழியியலுக்கு, பேசுவோர் தம் மொழியைப் பழுதுபார்த்துக்கொள்கின்றனர் என்னும் உண்மையை இத்தொகுதி உணர்த்தியது.

5. வழி விட்டுச்சென்ற இடைவெளிகள்

இத்தொகுதியை வியந்து பாராட்டுவதோடு அமைதல் திறனாய்வாகாது. பிரான்சின் ஊராட்சிப் பிரிவுகள் அக்காலத்தில் ஏறத்தாழ 36,000. எட்மோன் கண்டவை அவற்றில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 700 தகவலாளருள் பெண்கள் 60 பேர் அளவினரே. அடுக்களை, பால்மாடு, கோழி, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றுக்குரிய சொற்களையும் ஆடவரிடமே பெரும்பாலும் கேட்டறிந்தனர் என்றால், படத்தில் உள்ளது யாருடைய மொழி என வினவ நமக்கு உரிமையுண்டு. ஊருக்குள் புதிதாய் வண்டியில் வந்திறங்கும் ஆடவர் ஒருவரிடம் இரண்டே நாளில் மனம்விட்டுப் பேசக்கூடியவர் யார் என்பதையும் இங்கு எண்ண வேண்டும். விரைவு தந்த பரப்பை விரைவே வாங்கிய விலையாகவும் காண வேண்டியுள்ளது.

எட்மோனின் செவி பழகாத மொழிகளில் இடர்ப்பட்டது என்பதும் உண்மை. கட்டலான் பகுதியின் பதிவுகளும் பின்னர் அவர் மேற்கொண்ட கார்சிகாப் பதிவுகளும் அப்பகுதி அறிஞர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. இத்தாலிக்கும் தென்சுவிட்சர்லாந்துக்கும் யாபெர்க், யூட் ஆகியோர் உருவாக்கிய தொகுதி (1928-1940) இப்பாடங்களை ஏற்றது. களப்பணியாளர் ஒருவர்க்குப் பதில் மூவராயினர். சொல்லோடு அச்சொல் குறிக்கும் பொருளையும் படமாக்கி விளக்கினர். ஆயினும், ஆய்வாளர் ஊருக்குப் போக வேண்டும் என்னும் அடிப்படையை அவர்கள் கைவிடவில்லை. திருத்தியது பயணத்தின் முறையையே.

6. பேருந்தும் நம் களமும்

நம் நாட்டில் கிளைமொழி ஆய்வாளரின் வண்டி பேருந்து. மிதிவண்டிக்கும் பேருந்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மிதிவண்டியில் ஆய்வாளர் மொழியைத் தேடிப் போகிறார். பேருந்தில் மொழி அவர் பக்கத்து இருக்கையில் வந்து அமர்கிறது. மதுரையிலிருந்து தெற்கே செல்லும் பேருந்தில் செவியைத் திறந்து வைத்திருப்பவர், 'அவுக' என்பது மெல்லப் பின்தங்கி 'அவிய', 'அவியள்' என்பன முன்வருவதை எந்த வினாநிரலும் இன்றி அறியலாம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியை அடையும்போது குடிநீர் 'வெள்ளம்' ஆகியிருக்கும். வழக்கெல்லைக் கோடு என்று நாம் வரைவது, ஊர்கள்தோறும் ஏறி இறங்கும் மக்களிடையே இவ்வாறு படிப்படியாக நிகழும் மாற்றமே.

இவ்விடத்து என் பட்டறிவு ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சிவகங்கைப் பகுதியில் ஒரு நாள் முழுதும் மரியாதைப் பன்மை வடிவங்களைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் தாள் இருந்தமையால் அவர் பொறுமையுடன் 'அவர்கள்' என்றே விடையளித்தார். நானும் அவ்வாறே எழுதிக்கொண்டேன். மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். முன்னிருக்கையில் இருந்த உறவினரிடம் தம் மகளின் புக்ககத்தாரைப் பற்றி அவர் பேசலானார். பத்து நிமிடத்தில் 'அவுக' என்பது எத்தனை முறை வந்தது என எண்ண முடியவில்லை. நோக்கப்படாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை நோக்கியே அறிய வேண்டியிருக்கும் முரண்பாட்டை லபோவ் 1972இல் விளக்கியுள்ளார். அன்று அம்முரண்பாட்டை அவிழ்த்தது அப்பேருந்து. பகல் முழுதும் எழுதிய தாள்களை இரவில் அடித்துவிட்டேன். அன்றைய மகிழ்ச்சி இன்றும் மறக்கவில்லை.

பேருந்துக்கும் குறையுண்டு. பேருந்து நிலையம் பல ஊர்ப்பேச்சுகள் கலக்குமிடம். அங்குப் பேசுவோர் தம் பேச்சைப் பிறர்க்கு ஏற்பச் சிறிது மாற்றிக்கொள்கின்றனர். பேருந்து செல்லாத ஊர் நம் படத்திலும் இடம்பெறுவதில்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஆய்வாளருக்குச் சொற்பட்டியல் கிடைக்கும், கதை கிடைக்காது. இரவு திண்ணையில் தங்குபவருக்கே கதை கிடைக்கும்.

எட்மோனின் சேவல் நமக்கும் ஒரு வினாவை விட்டுச்சென்றிருக்கிறது. ரகர றகரங்கள் ஒன்றாகிவிட்ட வட்டாரங்களில் கரியும் கறியும் ஒரே ஒலியின. தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமானபோது வாழையும் வாளையும் ஒன்றாயின. 'அடுப்புக்கரி', 'வாழைமரம்', 'வாளைமீன்' என அடை சேர்த்துச் சொல்லுதல் அவ்வொலிகள் மயங்கிய ஊர்களில் மிகுதியாகவும் வேறுபாடு காக்கப்படும் ஊர்களில் குறைவாகவும் உள்ளதா? இதனைத் தொலைபேசியில் கேட்டால், கேட்ட கணமே பேசுவோர் எழுத்தை நினைந்து விடை சொல்லிவிடுவர். சந்தைக்குப் போகும் பேருந்தில் கேட்டறிய வேண்டிய வினா இது.

7. முடிவுரை

தொலைவிலிருந்து தரவு திரட்டும் கருவிகளை வெறுப்பதற்கில்லை. வெங்கரின் பரப்பை இன்று மிகக் குறுகிய காலத்தில் எய்த அவை துணைசெய்யும். ஆனால் அவை நாம் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை தருவன. கேட்கத் தெரியாத வினாவுக்கு விடை வழியில்தான் கிடைக்கிறது. பயணத்தில் கண்டறியும் மகிழ்ச்சி என நாம் கூறுவது, தன் வினாநிரல் போதாது என்று ஆய்வாளர் உணரும் கணத்தின் மகிழ்ச்சியே. பிரான்சின் மொழிநிலப்படத் தொகுதியில் பாதியில் நிற்கும் படங்கள் அம்மகிழ்ச்சியின் தடங்கள்.

ஆய்வுத் திட்டங்களின் செலவுப் பட்டியலில் பயணப்படி முதலில் குறைக்கப்படும் இனமாக ஆகிவிடக் கூடாது. இளம் ஆய்வாளரை ஊருக்கு அனுப்புக; அவர்களுள் பெண்கள் பாதியளவேனும் இருக்குக; கடைசிப் பேருந்தைத் தவறவிடவும் அவர்களுக்கு இசைவு இருக்குக.