தேடிக் கற்றலும் தமிழ் இலக்கணமும்: அறிவு நூல்களின் உறுப்புகளைச் சிறார்க்குக் கற்பித்தல் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

கதை நூலை முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை வரிசையாகப் படிக்கிறோம். அறிவு நூலை அவ்வாறு படிக்க வேண்டியதில்லை. வேண்டிய செய்தி உள்ள பக்கத்தை நேரே அடையலாம். அதற்கு வழிகாட்டுவன பொருளடக்கம், துணைத்தலைப்பு, படக்குறிப்பு, தடித்த எழுத்து, கலைச்சொல் விளக்கம், பொருளடைவு முதலிய நூலுறுப்புகள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு வெளியான பொது அடிப்படைக் கல்வித் தரநிலைகள், இவற்றை அறிந்து பயன்படுத்தும் திறனை இரண்டாம் வகுப்பிலேயே எதிர்பார்க்கின்றன. இப்பயிற்சியைத் தமிழ் வகுப்பறைக்கு அப்படியே எடுத்துக்கொள்வது போதுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. உறுப்புகளின் பெயர்களை மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் பொருளடைவைப் பயன்படுத்தும் திறனைத் தமிழ் இலக்கணத்தின் துணையின்றிக் கற்பிக்க இயலாது என்பதே இதன் கருத்து.

தமிழ் மரபில் நூலுறுப்புகள்

நூலினுள் நுழையும் முன் நூலைப் பற்றி அறிவிக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகள் எட்டு என நன்னூல் வரையறுக்கிறது. நூலை இயற்றியவர் யார், நூல் எதைப் பற்றியது, யாருக்கு உரியது, அதனால் என்ன பயன் என்பன அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் இன்று இடம்பெறும் ‘நூல்வெளி’ என்னும் பகுதி, ஆசிரியரையும் நூலையும் சுருக்கமாக அறிமுகப்படுத்தி ஏறத்தாழ இப்பணியையே செய்கிறது.

தேடுவதற்குரிய கருவிகளும் தமிழில் உருவாயின. நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்து மனப்பாடம் செய்தற்கு உரியனவாக இருந்தன. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொற்களை அகரவரிசையில் நிறுத்தித் தேடுவதற்கு வழிசெய்தது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாட்டு முதற்குறிப்பு அகராதியையும் அரும்பதங்களின் அகராதியையும் இணைத்தார். சிறார்க்கெனத் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 10 தொகுதிகளாக வெளியிட்டது. ஆகவே கருவிகள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கையாளும் பயிற்சி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

பொருளடைவும் சொல்லின் திரிபும்

ஆங்கிலச் சிறுவன் நூலில் கண்ட பெயர்ச்சொல்லைப் பெரும்பாலும் கண்ட வடிவிலேயே பொருளடைவில் தேடலாம். பன்மை விகுதியை நீக்குவதே அவனுக்குரிய பெரிய மாற்றம். தமிழ்ச் சிறுமியின் நிலை வேறு. ‘ஆற்றில் மணல் படிகிறது’ என்னும் தொடரைப் படித்து, மேலும் அறிய விரும்பி, ‘ஆற்று’ என்று தேடினால் அவள் ‘ஆற்றல்’ என்னும் பதிவில் போய் நிற்பாள். அவளுக்கு வேண்டியது ‘ஆறு’. அதுபோலவே ‘காட்டில்’ என்பதற்குக் ‘காடு’ என்றும், ‘மரத்தில்’ என்பதற்கு ‘மரம்’ என்றும் தேட வேண்டும்.

முதல் இரண்டிலும் நெடில்தொடர்க் குற்றியலுகரத்தின் ஒற்று இரட்டித்துள்ளது. மூன்றாவதில் மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துள்ளது. தேடும் குழந்தை இவ்விதிகளின் பெயரை அறிய வேண்டியதில்லை. ஆனால் விதியைத் திருப்பிச் செயற்படுத்தியே ஆக வேண்டும். புணர்ச்சியைப் பாடமாகப் படிக்கும் வயதுக்கு முன்பே இத்தேவை எழுகிறது. நூலுறுப்புகளின் பெயர்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவதாலோ, ‘பொருளடைவைக் கண்டுபிடி’ என்று விளையாட்டு நடத்துவதாலோ இத்தேவை நிறைவேறாது. பொருளடைவு எங்குள்ளது என்று சுட்டத் தெரிந்த குழந்தை, அதில் ஒரு சொல்லையும் கண்டடையாமல் நூலை மூடிவிடக்கூடும்.

அகரவரிசையின் சிக்கல்

தமிழ் அகராதி மரபில் மெய்யெழுத்து, அதன் உயிர்மெய்களுக்கு முன் நிற்கும். எனவே ‘பட்டம்’ முன்னும் ‘படம்’ பின்னும் வரும். வல்லின, மெல்லின, இடையின மெய்களின் வரிசையில் ழ, ள, ற, ன என்பன இறுதியில் அமையும். கணினியின் ஒருங்குறி எண்களை மட்டும் பின்பற்றி வரிசைப்படுத்தினால் இவ்விரண்டும் மாறிவிடும்: ‘படம்’ முந்தும்; றகரம் லகரத்துக்கு முன் வந்துவிடும். அச்சிட்ட நூலில் ஒரு வரிசையும், கவனமின்றித் தொகுத்த நூலில் வேறொரு வரிசையும் காணும் குழந்தை, பிழை தன்னுடையது என்றே எண்ணும். ஆதலின் வரிசையைச் சரிபார்ப்பது பதிப்பாளரின் கடமையுமாகும்.

பாடநூலும் பயிற்சியும்

சொற்களை அகரவரிசைப்படுத்தும் பயிற்சி நம் பாடநூல்களில் உண்டு. எனினும் சில சொற்களை நிரலாக எழுதுவதோடு அது முடிந்துவிடுகிறது. அந்நிரலைக் கொண்டு ஒரு செய்தியைத் தேடும் தேவை எழுவதில்லை. பள்ளிப் பாடநூல்களின் இறுதியில் பொதுவாகப் பொருளடைவு இடம்பெறாமையும் இதற்கு ஒரு காரணம். பாடம் கற்பிக்கப்படும் வரிசையிலேயே நூல் படிக்கப்படுகிறது. ஆசிரியர் காட்டும் பக்கமே மாணவர் அறிந்த பக்கமாகிறது.

இக்குறையையே பயிற்சியாக மாற்றலாம். ஓர் அறிவியல் பாடத்துக்கு மாணவர்களே பொருளடைவு ஆக்குவது அதற்கு ஏற்ற வழி. முதலில் முக்கியமான சொற்களைப் பாடத்தில் உள்ளவாறே தொகுத்தல். அடுத்து உருபும் சாரியையும் நீக்கித் தலைச்சொல்லாக்கல். பின்னர் அகரவரிசையில் நிறுத்திப் பக்க எண் இடுதல். இறுதியில் ஒரு குழு ஆக்கியதைக் கொண்டு மற்றொரு குழு வினாக்களுக்கு விடை தேடுதல். ‘வேர்களால்’, ‘வேரின்’, ‘வேருக்கு’ என்பவை ‘வேர்’ என்னும் ஒரே பதிவில் சேர்வதைக் காணும் மாணவர், வேற்றுமையை உருபுப் பட்டியலாக அன்றிச் செயலாக அறிகின்றனர். எந்தச் சொல்லைப் பதிவாக்குவது, எதை விடுவது என்னும் விவாதம், எது முக்கியம் என எடைபோடும் பழக்கத்தையும் தருகிறது.

நிறைவுரை

நூலுறுப்புகளைக் கற்பித்தலின் நோக்கம் அவற்றின் பெயர்களை ஒப்பிக்கச் செய்வதன்று. பிறர் காட்டாத பக்கத்தைக் குழந்தை தானே அடையச் செய்வது. அயல்மொழி வகுப்பறைகளின் பயிற்சிமுறைகள் இதற்குத் தொடக்கமாகலாம், முழுமையாகா. தமிழில் ஒரு செய்தியைத் தேடுவது, திரிந்த சொல்லிலிருந்து அதன் இயல்பு வடிவை மீட்பதில் தொடங்குகிறது. எனவே இப்பயிற்சிக்குரிய இடம் நூலக வகுப்பு மட்டுமன்று, இலக்கண வகுப்புமாகும். தேர்வுக்கென மட்டும் படிக்கப்படும் புணர்ச்சி விதிகளுக்கு, ஒரு குழந்தை தன் வினாவுக்குத் தானே விடை காண உதவுவதைவிடத் தக்க பயன் வேறில்லை எனலாம்.