அடைத்து வைத்த வழி

ஒரு சுவிட்சை அமைத்தவரின் கைத்திறனைப் பார்க்க நான் முதலில் தேடுவது அடைபட்டுக் கிடக்கும் போர்ட்டைத்தான். எதை, எங்கே, யார் சொல்லி அடைத்தார்கள் என்பதில்தான் ரசனையே இருக்கிறது.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. ஐபி பாக்கெட்டின் கணக்கு ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, கடைசியில் பாக்கெட் மடியும். ஃபிரேமுக்கு அந்தக் கதி இல்லை. துணைக்கு இருக்கட்டுமே என்று சுவிட்சுகளுக்கு இடையே இன்னொரு கேபிள் போட்டால் லூப் உண்டாகிவிடும். அதில் சிக்கிய ஒரு பிராட்காஸ்ட் ஓயாமல் சுற்றிச் சுற்றி, சில நொடிகளில் நெட்வொர்க்கையே படுக்கவைத்துவிடும்.

இதற்கு ரேடியா பெர்ல்மன் கண்ட தீர்வு ஸ்பானிங் ட்ரீ. டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது 1985-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு குட்டிக் கவிதையும் உண்டு. ஒவ்வொரு சுவிட்சும் முதலில் தன்னையே ரூட் என்று அறிவிக்கும். தன்னைவிடச் சிறிய எண்ணோடு ஒரு சுவிட்ச் வந்தால் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுக்கும். முதலில் பார்ப்பது பிரியாரிட்டி. அது சமமானால் மேக் முகவரி. ஜெயித்த ரூட்டிலிருந்து கிளைக்கும் ஒரு மரம் மட்டும் திறந்திருக்கும், லூப் உண்டாக்கும் மிச்ச வழிகள் அடைபடும்.

சோம்பல் வெளிப்படும் இடமும் அதுதான். பிரியாரிட்டி எல்லாவற்றிலும் பிறவியிலேயே 32768. யாரும் தொடாமல் விட்டால் மேக் எண் சிறியதாக உள்ள பழைய சுவிட்ச் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே தூசியில் கிடப்பது, மொத்தக் கட்டடத்துக்கும் ரூட் ஆகி உட்கார்ந்துகொள்ளும். விஷயம் தெரிந்தவர் மைய சுவிட்சுக்கு 4096, அதன் துணைக்கு 8192 என்று கையால் எழுதி வைப்பார். 4096-இன் மடங்குகளாகத்தான் கொடுக்க முடியும். பிரியாரிட்டியின் 16 பிட்டில் பின் 12 பிட்டை வி-லேன் எண்ணுக்கு, அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்கின் எண்ணுக்கு, விட்டுக்கொடுத்தாயிற்று.

வி-லேன் வந்த பிறகுதான் இந்தக் கலைக்கு மெருகு. ஒரே மரம் என்றால் அடைபட்ட கேபிள் காசுக்குப் பிடித்த கேடு. நார்டெல் சுவிட்சுகளில் சில வி-லேன்களைச் சேர்த்து ஒரு மரம் கொடுக்கும் ஸ்பானிங் ட்ரீ குரூப் என்று ஒன்று இருந்தது, பிறகு 802.1எஸ் தரத்தில் அந்த எண்ணம் இன்ஸ்டன்ஸ் என்ற பெயரில் வந்தது. வி-லேன் 10, 20 ஒரு குழு. 30, 40 மற்றொன்று. முதல் குழுவுக்கு ஒரு மைய சுவிட்ச் ரூட், அடுத்ததற்கு மற்றது. ஒரு குழு அடைத்த கேபிளில் மற்றக் குழு ஓடும். ஒன்று அறுந்தால் இரண்டும் ஒரே கேபிளில் ஒதுங்கிக்கொள்ளும். வேலைநாளில் இரண்டு கேபிள்களிலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். வி-லேனுக்கு ஒரு மரம் என்று சிஸ்கோ காட்டிய வழி எனக்குக் கொஞ்சம் ஆடம்பரம்: 200 வி-லேனுக்கு 200 மரம், உருவமோ பெரும்பாலும் இரண்டே.

ஆனால் 802.1எஸ் கறாரானது. ஒரே பிரிவினையைப் பகிரும் சுவிட்சுகளின் கூட்டம் ஒரு ரீஜன். அதன் பெயர், திருத்த எண், எந்த வி-லேன் எந்தக் குழுவில் என்ற பட்டியல் மூன்றும் எல்லாச் சுவிட்சிலும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பெயரில் ஒரு பெரிய எழுத்து மாறினாலும் அந்தச் சுவிட்ச் தனி ரீஜன். பட்டியலையே அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட 16 பைட் முத்திரையை மட்டும் அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளும் நாசூக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பின்னால் பட்டியலைத் தொட்டால் முத்திரை மாறும், ரீஜன் உடையும். ஆகவே தேர்ந்தவர் இன்னும் பிறக்காத வி-லேன்களையும் சேர்த்து 4094-ஐயும் முதல் நாளே இரண்டு குழுவாகப் பிரித்துவிடுவார். நாளைக்கு ஒருவர் வந்து வி-லேன் 47-ஐச் சேர்க்கும்போது அது எந்த வழியில் போக வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.